சுமிரேவின் நடைவண்டி

மட்சுயாமா
பிப்ரவரி 11

அன்புள்ள குனிஹிகோ அண்ணாவுக்கு,

அகிதாவில் இன்னும் பனியை வாரிக் கொட்டிக்கொண்டுதான் இருப்பீர்கள். முதுகு வலி எப்படி இருக்கிறது? கூரைப் பனியை நீங்களே ஏறித் தள்ளுவதாக அத்தை சொன்னார். வேண்டாம் அண்ணா, ஆள் வைத்துக்கொள்ளுங்கள். இங்கே பிளம் பூத்துவிட்டது. நாங்கள் மூவரும் நலம்.

தொலைபேசியை நீங்கள் எடுப்பதில்லை. சுமிரே பிறந்தபோது போட்ட அஞ்சலட்டைக்கும் பதில் இல்லை. கடிதமென்றால் கிழிப்பதற்காகவாவது கையில் எடுப்பீர்கள் என்று எழுதுகிறேன்.

சுமிரேவுக்கு ஒன்றேகால் வயது ஆகிறது. நன்றாகச் சிரிக்கிறாள். ஆனால் தவழவில்லை, நிற்கவில்லை. உட்கார்ந்தபடியே தரையைத் தேய்த்துக்கொண்டு வீடு முழுக்க நகர்கிறாள். அக்குளில் கை கொடுத்து நிறுத்தினால் காலை மடக்கிக்கொண்டு காற்றிலேயே நாற்காலி போட்டு உட்கார்கிறாள். சில குழந்தைகள் இப்படித்தான், தாமதமாக நடப்பார்கள் என்று மருத்துவர் சொல்கிறார். எதையாவது பிடித்துத் தள்ளக் கொடுங்கள் என்றார். கடையில் நடைவண்டி வாங்கினோம். அவள் கை பட்டதும் அது ஓடிவிடுகிறது, இவள் குப்புற விழுகிறாள். இப்போது அந்த வண்டியைக் கண்டாலே அழுகை.

உங்கள் மாப்பிள்ளை தமோத்சு, தீவுகளுக்குப் போகும் படகில்தான் இன்னமும் வேலை செய்கிறார். அவர்தான் சொன்னார்: "உங்க அண்ணன் எந்திரம் படிச்சவர்தானே. ஓடாத வண்டி ஒண்ணு கேட்டுப் பாரேன்."

மே மாதம் நகராட்சியில் ஒன்றரை வயதுப் பரிசோதனை. எல்லாக் குழந்தைகளையும் நடக்கவிட்டுப் பார்ப்பார்கள். எனக்குப் பயமாக இருக்கிறது. வேறு யாரிடம் கேட்பது என்று தெரியவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் தங்கை,
சனாயே


அகிதா
பிப்ரவரி 26

சனாயேக்கு,

பனி இன்னும் இருக்கிறது. முதுகும் இருக்கிறது. நீ விசாரித்ததால் சொல்கிறேன். அந்த முதுகைப் பற்றி நீ கடைசியாகப் பேசியது ஆறு வருடம் முன்பு, புத்தாண்டு அன்று, அம்மா வீட்டில், கையில் சூப்புக் கிண்ணத்தோடு. "தலை குனிஞ்சா முதுகு ஒடிஞ்சுடாது அண்ணா." என் ஆராய்ச்சியின் மேல் தன் பெயரைப் போட்டுக்கொண்ட பேராசிரியரிடம் போய் நான் குனிய வேண்டும் என்றாய். மேசையில் இருந்த எல்லோரும் தலையாட்டினீர்கள். அன்று தின்ற மோச்சிக் கொழுக்கட்டை எனக்குத் தொண்டையில் சிக்கியது இன்னும் இறங்கவில்லை. இப்போது பயிற்சிப் பள்ளியில், நுழைவுத் தேர்வில் தோற்ற பையன்களுக்கு நியூட்டனை ஊட்டிக்கொண்டிருக்கிறேன். அவர்களும் விழுங்குவதில்லை.

வண்டி விஷயத்துக்கு வருகிறேன். கடைக்காரன் விற்பது பிள்ளையின் படத்தைப் போட்ட ஒரு பிளாஸ்டிக் பொய். பிள்ளையை விட வண்டி லேசாக இருந்தால், பிள்ளை சாயும்போது வண்டி முந்திக்கொண்டு ஓடும். கீழே சக்கரம் வேறு. நடக்கத் தெரியாதவளுக்குச் சக்கரம் எதற்கு? வேண்டியது எடையும் உராய்வும். அவள் சாய்ந்தால் அது நிற்க வேண்டும், அவள் தள்ளினால் மட்டும் நகர வேண்டும். வலு கூடக் கூட எடையைக் குறைத்துக்கொண்டு போகலாம். இதை எந்தத் தொழிற்சாலையிலும் ஒருவனுக்கும் சொல்லத் தெரியவில்லை.

பரிசோதனைக்குப் பயப்படாதே. அளவுகோலுக்காகப் பிள்ளை பெறும் காலம் இது. இங்கே ஒரு தாய் தன் மகனைப் பயிற்சிப் பள்ளியில் சேர்க்க வந்தவள், முட்டை ஆகாது, பால் ஆகாது, மாவு ஆகாது என்று கால் மணி நேரம் ஒப்பித்தாள். இயற்பியல் ஆகுமா என்று கேட்டேன். எழுந்து போய்விட்டாள். நம் காலத்தில் பிள்ளைகளுக்கு ஆகாதது ஒன்றே ஒன்றுதான், வேலை செய்வது.

சுமிரேவின் எடை, தரையிலிருந்து முழங்கை வரை உயரம், வீட்டில் பாயா பலகையா என்று எழுது.

குனிஹிகோ


மட்சுயாமா
மார்ச் 8

அன்புள்ள அண்ணாவுக்கு,

உங்கள் கையெழுத்தைப் பார்த்ததும் வாசலிலேயே உட்கார்ந்து படித்தேன். திட்டெல்லாம் அப்படியே இருக்கிறது, அதனால் நலமாக இருக்கிறீர்கள் என்று தெரிந்துகொண்டேன்.

அளவுகளைத் தனித் தாளில் வைத்திருக்கிறேன். கூடத்தில் பாய், மற்ற இடமெல்லாம் பலகை. எடுத்ததையெல்லாம் வாயில் வைக்கும் வயது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

சுமிரேவின் சாப்பாட்டைப் பற்றி இன்னொன்றும் எழுத நினைத்தேன். வண்டிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, விடுங்கள்.

தமோத்சு ஒரு பெட்டி ஆரஞ்சு அனுப்புகிறார். குளிரில் வெறும் வயிற்றில் சாப்பிட வேண்டாம்.

சனாயே


அகிதா
ஏப்ரல் 2

சனாயேக்கு,

ஆரஞ்சு வந்தது. இனிப்பு. உங்கள் ஊரில் இப்போது செர்ரி உதிர்ந்திருக்கும். இங்கே மொட்டுகூட விடவில்லை. எதற்கும் அவசரப்படாத ஊர் இது, அது ஒன்றுதான் எனக்குப் பிடித்தது.

வண்டியை இன்று அனுப்பிவிட்டேன். முழுக்க லிட்டர் பால் அட்டைப் பெட்டிகள். நாடு முழுவதும் தாய்மார்கள் இதில்தான் பிள்ளைகளுக்கு முக்காலியும் மேசையும் செய்கிறார்கள், அதைக் குறை சொல்ல எனக்கு வழியில்லை. எடைக்கு எடை பார்த்தால் இவ்வளவு உறுதியான பொருள் கிடையாது. நான் பால் குடிப்பவனல்ல. அதனால் தெருமுனையில் காப்பிக் கடை வைத்திருக்கும் ககாயா அம்மாளிடம் காலிப் பெட்டிகளைக் கேட்க நேர்ந்தது. ஆறு வருடமாக அந்த வழியாகப் போகிறேன், ஒரு வணக்கம்கூடச் சொன்னதில்லை. அவளா விடுவாள்?

"என்ன வாத்தியாரே, வீட்டுல பூனை வளர்க்கறீங்களா, இல்ல பூனைப் பண்ணையா?"

தங்கை பெண்ணுக்கு நடைவண்டி என்றேன். கடையில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள், எனக்குத் தங்கை இருக்க முடியும் என்பதே அவர்களுக்குச் செய்தி. அதன்பிறகு தினமும் கழுவிக் காயவைத்து வாசலில் கட்டித் தொங்கவிட்டாள். நானும் மறுபடி கழுவினேன். ஒவ்வொன்றுக்குள்ளும் செய்தித்தாளை இடித்து அடைத்து, ஒட்டி, மேலே கெட்டிக் காகிதம் சுற்றியிருக்கிறேன். மேலே ஏறி நின்றேன், நசுங்கவில்லை.

அடியில் சக்கரம் இல்லை, கம்பளித் துணி. முன்பெட்டிக்கு மூடி உண்டு. உள்ளே செய்தித்தாளை இறுக்கிச் சுருட்டிய கட்டுகள் இருக்கின்றன. அதுதான் எடை. சுமிரே வண்டியைச் சுலபமாகத் தள்ள ஆரம்பித்ததும், வாரம் ஒரு கட்டை எடுத்துவிடு. எடுத்த கட்டைத் தூக்கிப் போடாதே. அவளிடமே கொடு, பிரித்துக் கிழிக்கட்டும். காகிதம் கிழிப்பது விரலுக்கும் தோளுக்கும் நல்லது.

எப்படி நகர்கிறது என்று எழுது. ஆய்வு முடிவாக எழுது, நன்றியெல்லாம் வேண்டாம்.

குனிஹிகோ


மட்சுயாமா
ஏப்ரல் 29

அன்புள்ள அண்ணாவுக்கு,

தாமதத்துக்கு மன்னியுங்கள். வண்டி பத்திரமாக வந்து சேர்ந்தது. அழகாக இருக்கிறது. சுமிரேவுக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது. தினமும் தள்ளுகிறாள்.

நாங்கள் நலம். நீங்களும் நலமாக இருங்கள்.

சனாயே


அகிதா
மே 14

சனாயேக்கு,

நாற்று நட ஆரம்பித்துவிட்டார்கள், இரவெல்லாம் தவளைச் சத்தம். உடம்புக்கு ஒன்றுமில்லை.

நான்கு வரி எழுதியிருந்தாய். தந்தி அடிக்கும் காலம் போய்விட்டது. தள்ளுகிறாள் என்றால் எப்படி? இரண்டு கையாலா? நின்றா, முழங்காலிட்டா? பாயில் நகர்கிறதா? கட்டுகளை எடுக்க ஆரம்பித்தாயா? பிரித்ததும் அவள் என்ன செய்தாள்?

ககாயா அம்மாள் தினமும் கேட்கிறாள். நான் எனக்காகக் கேட்கவில்லை.

குனிஹிகோ


மட்சுயாமா
ஜூன் 9

அன்புள்ள அண்ணாவுக்கு,

மழைக்காலம் தொடங்கிவிட்டது, துணி காயவில்லை. ஈரத்தில் உங்கள் முதுகு வலிக்குமே என்று நினைத்துக்கொள்கிறேன்.

வண்டி பாயில் நன்றாக நகர்கிறது. முதலில் முழங்காலிட்டுத் தள்ளினாள், இப்போது எழுந்து நிற்கிறாள். இரண்டு கையாலும்தான். நீங்கள் சொன்னபடி மூன்று கட்டுகளை எடுத்தாயிற்று. சுமிரே பிரித்து உட்கார்ந்து கிழித்தாள், வீடெல்லாம் காகிதம். தமோத்சு பெருக்கிப் பெருக்கி அலுத்துப்போனார்.

பரிசோதனைக்குப் போய் வந்தோம். மற்றப் பிள்ளைகள் கூடத்தில் ஓடினார்கள். சுமிரே என் மடியில் உட்கார்ந்து அவர்களுக்குக் கை தட்டினாள். இரண்டு வயதாகும்போது மறுபடி வரச் சொன்னார்கள். திரும்பும்போது டிராமில் யாரும் எதுவும் கேட்கவில்லை, ஆனாலும் ஒரு நிறுத்தம் முன்னாலேயே இறங்கி நடந்தோம். நான் நடந்தேன். அவள் முதுகில் இருந்தாள்.

உங்களை நினைத்துக்கொள்கிறோம்.

சனாயே


அகிதா
ஜூன் 20

சனாயேக்கு,

மூன்று கட்டுகளை எடுத்ததாக எழுதியிருக்கிறாய். சுமிரே பிரித்ததாகவும் எழுதியிருக்கிறாய்.

ஒவ்வொரு கட்டுக்கும் நடுவில் ஒரு படம் வைத்திருந்தேன். தவளை, கரடி, நாரை, படகில் நிற்கும் ஒரு மனிதன், அது தமோத்சு. வண்ணப் பென்சில் வாங்க இந்த வயதில் கடைக்குப் போனேன். பிரித்த எவரும் பார்க்காமல் இருக்க முடியாது. நீ எழுதுவாய் என்று ஏப்ரலிலிருந்து காத்திருந்தேன். நானாகச் சொன்னால் அதற்கு அர்த்தமில்லை என்பதால் சொல்லவில்லை.

ஒரு கட்டைக்கூட நீ பிரிக்கவில்லை. அந்த வண்டி உன் வீட்டில் இல்லை. உறவினர் யாராவது வந்து, "என்ன இது, பால் டப்பாவா" என்று சிரித்திருப்பார்கள். வேலையை விட்டவன் குப்பையில் செய்து அனுப்பியது என்று உனக்கும் தோன்றியிருக்கும். எடுத்து எறிந்திருப்பாய். எறிந்ததை எறிந்தேன் என்று எழுதியிருந்தால் மதித்திருப்பேன். பொய்யைத் தவணை முறையில் அனுப்பியிருக்கிறாய்.

அந்தப் பேராசிரியர்கூட ஒரே தடவையில்தான் செய்தார்.

இதற்குப் பதில் வேண்டாம்.

குனிஹிகோ


மட்சுயாமா
ஆகஸ்ட் 19

அன்புள்ள அண்ணாவுக்கு,

முன்னோர் வீடு வந்து போகும் ஓபோன் முடிந்தது. அம்மா அப்பாவுக்கு விளக்கேற்றி வழியனுப்பினோம். சில்வண்டுகளின் இரைச்சலில் பேசுவதே கேட்பதில்லை. நீங்கள் நலமா? பதில் வேண்டாம் என்றீர்கள். இரண்டு மாதம் கேட்டு நடந்தேன், இனி முடியாது.

சுமிரேவுக்குப் பால் ஆகாது. முட்டையும் ஆகாது. பால் என்றால் ஒரு சொட்டு உதட்டில் பட்டாலே போதும். மார்ச் மாதம் இதை எழுதத்தான் பேனாவை எடுத்தேன். பயிற்சிப் பள்ளிக்கு வந்த அந்தத் தாயைப் பற்றி நீங்கள் எழுதியது கண்ணில் நின்றது. ஆறு வருடத்துக்குப் பிறகு ஒரு கடிதம் வந்திருக்கிறது, அதை இழக்க மனமில்லை. வண்டிதானே, சாப்பாடு இல்லையே என்று விட்டுவிட்டேன். பால் அட்டைப் பெட்டியில் செய்வீர்கள் என்று எனக்குத் தோன்றவே இல்லை. நம் ஊரில் வேறு எதில் செய்வார்கள்? தோன்றியிருக்க வேண்டும்.

வண்டி வந்த அன்று உங்கள் கடிதத்தை அப்புறம் படிக்கலாம் என்று ஓரமாக வைத்துவிட்டு, முதலில் வண்டியைப் பிரித்து அவள் முன்னால் வைத்தேன். அவள் அழவில்லை. அதைப் பிடித்தாள். பிடித்து எழுந்தாள், அண்ணா. காலை மடக்கவில்லை. அது ஓடவில்லை. இரண்டு பாய் தூரம் தள்ளிக்கொண்டு போனாள். நான் படகுத்துறைக்குப் போன் செய்து தமோத்சுவிடம் அழுதேன். பேசிவிட்டுத் திரும்பினால், மூலையில் காகிதத்தை உரித்து அட்டையைச் சப்பிக்கொண்டிருந்தாள்.

உதடு வீங்கியது, பிறகு கண். மூச்சு விசில் அடித்தது. ஆம்புலன்ஸ் வந்தது. மருத்துவமனையில் வைத்துக்கொண்டார்கள். பிழைத்துவிட்டாள், தழும்புகூட இல்லை. அந்த மருத்துவர் கேட்டார்: "பால் ஆகாத பிள்ளைக்கு இதை யாருங்க பண்ணிக் குடுத்தது?" நான்தான் என்றேன். "தாய்க்கே தெரியலைன்னா எப்படிம்மா?" என்றார். தலை குனிந்து நின்றேன். அது எனக்குப் பழக்கம்தானே.

வீடு திரும்பியதும் தமோத்சு, "அண்ணனுக்குச் சொல்லிடு, ஒளிக்காதே" என்றார். நான் சொன்னேன்: "அவரைத் தெரியாதா உங்களுக்கு? இது தெரிஞ்சா கோபப்பட மாட்டார். பல்கலைக்கழகத்தை விட்டுப் போன மாதிரி நம்மளையும் விட்டுட்டுப் போயிடுவார். இனிமே ஒரு துரும்பைக்கூட கையில எடுக்க மாட்டார்."

வண்டியை வெட்டி, எரிக்கும் குப்பையை வாங்கும் நாளில் போட்டேன். கட்டுகளைப் பிரித்துப் பார்க்கவில்லை. யாரும் சிரிக்கவில்லை அண்ணா. அது நன்றாக நகர்ந்தது. நான் எழுதியதில் அது ஒன்றுதான் உண்மை.

சனாயே


அகிதா
செப்டம்பர் 6

சனாயேக்கு,

நெல் கதிர் முற்றுகிறது. வெயிலுக்கு இன்னும் போக மனமில்லை. சுமிரேவின் மூச்சு இப்போது எப்படி இருக்கிறது? இரவில் சீராக இருக்கிறதா? இந்தக் கேள்விகளுக்கு மட்டுமாவது உடனே பதில் எழுது.

உன் கடிதத்தைப் படித்துவிட்டுக் கோபப்படலாம் என்று உட்கார்ந்தேன். வரவில்லை. இத்தனை வருடம் கைகொடுத்த ஒன்று வராமல் போனது எனக்கே பயமாக இருந்தது. எழுந்து ககாயா அம்மாள் கடைக்குப் போய்ச் சொன்னேன். அவள் அடுப்பை அணைத்தாள். பிறகு, "நம்ம ரெண்டு பேரும் சேர்ந்துதானே கழுவினோம் வாத்தியாரே" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

துரும்பைக்கூட எடுக்க மாட்டேன் என்று தமோத்சுவிடம் சொல்லியிருக்கிறாய். நீ சொன்னது சரி. ஒரு வாரம் எடுக்கவில்லை. அதற்குமேல் அவள் இரண்டு பாய் தூரம் போனது மண்டையைக் குடைய ஆரம்பித்தது. அந்த எடை சரியான எடை. அது வீணாகக் கூடாது.

ஆகவே எழுது. பால், முட்டை தவிர வேறு என்ன? மாவு? சோபா நூடுல்ஸ்? கடலை? வேர்க்கடலை பட்ட பை ஆகுமா? தொட்டால் தடிக்குமா, வாயில் வைத்தால்தானா? மரம் ஒட்டும் பசை சிலவற்றில் பால் புரதம் உண்டு என்று தேடியபோது தெரிந்தது. அதனால் புது மரவண்டியில் பசையே இல்லை, மரையாணியும் கயிறும்தான். எடைக்குத் தேநீர் பாட்டில்களில் தண்ணீர். உறை தைக்க ககாயா அம்மாள் தன் பழைய ஏப்ரனைக் கொடுத்தாள். எத்தனை வருடப் பால் அதில் சிந்தியிருக்கும் என்றேன், உடனே பிடுங்கிக்கொண்டாள். புதுத் துணி வாங்கி, என்னைப் பக்கத்தில் உட்கார விடாமல் தைத்தாள்.

உன் பதில் வந்து, நீ ஒவ்வொரு பொருளுக்கும் சரி என்று சொன்ன பிறகுதான் அனுப்புவேன்.

படம் எதுவும் வைக்கவில்லை. வண்ணப் பென்சிலில் என்ன சேர்க்கிறார்கள் என்று நிறுவனத்துக்கு எழுதிக் கேட்டிருக்கிறேன்.

இனி நன்றாக நடந்ததை எழுத வேண்டாம். தோற்றதை மட்டும் எழுது.

அண்ணா


மட்சுயாமா
அக்டோபர் 21

அன்புள்ள அண்ணாவுக்கு,

இங்கே வீதியெல்லாம் ஒஸ்மான்தஸ் பூ வாசனை. நீங்கள் கம்பளியை எடுத்திருப்பீர்கள். முதுகைச் சூடாக வைத்துக்கொள்ளுங்கள்.

புது வண்டி வந்தது முதல், நீங்கள் கேட்டபடி தோல்விகள். முதல் நாள் பாட்டில் நிறையத் தண்ணீர் வைத்தேன், வண்டி நகரவே இல்லை, அதை ஒரு அடி அடித்துவிட்டுப் போய்விட்டாள். தண்ணீரைக் குறைத்தேன், பலகைத் தரையில் சறுக்கிக் காகிதக் கதவில் முட்டியது. கதவுக் காகிதத்தில் இப்போது ஓட்டை. ஒரு பாட்டில் மூடி தளர்ந்து பாயெல்லாம் ஈரம். கைப்பிடிக் கயிற்றைச் சப்பினாள். நான் பக்கத்திலேயே உட்கார்ந்து அவள் உதட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றும் ஆகவில்லை. மறுநாளும் சப்பினாள். ஒன்றும் ஆகவில்லை. பக்கத்து வீட்டுப் பையன் அதில் ஏறி உட்கார்ந்து இறங்க மாட்டேன் என்றான், இவள் அவனைக் கடித்துவிட்டாள்.

நேற்றைய தோல்வி இது. தள்ளிக்கொண்டே போனவள் வழியில் வண்டியை விட்டுவிட்டாள். வண்டி அங்கேயே நின்றது. அவள் நிற்கவில்லை. கையை மேலே தூக்கிக்கொண்டு, குடித்தவர் படகில் நடப்பதுபோல, தமோத்சு வரைக்கும் போய் அவர் காலைப் பிடித்துக்கொண்டாள். அவர், "யாருடா இது, டிக்கெட் எடுத்தியா?" என்று கேட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அதனால் உங்கள் வண்டி நடு வழியில் கைவிடப்பட்டது. எழுதச் சொன்னீர்கள், எழுதிவிட்டேன்.

சனாயே


அகிதா
அக்டோபர் 27

சனாயேக்கு,

இன்று காலை முதல் உறைபனி. முதுகு தேவலை.

சுமிரே நடந்தாள் என்று எழுதியிருக்கிறாய். நான் நம்பவில்லை. முழங்காலிட்டாள், எழுந்தாள், காகிதம் கிழித்தாள் என்று இல்லாத வண்டியை வைத்து எனக்கு ஒரு பருவம் முழுக்கக் கதை எழுதியவள் நீ. கையைத் தூக்கினாள், படகில் நடப்பதுபோல் நடந்தாள் என்பதெல்லாம் நன்றாகவே எழுதப்பட்டிருக்கிறது. அதனாலேயே சந்தேகம் வருகிறது. உன் எழுத்தை ஆதாரமாக ஏற்க முடியாது.

நவம்பர் மூன்றாம் தேதி பயிற்சிப் பள்ளிக்கு விடுமுறை. நேரில் வந்து பார்க்கிறேன். நிலையத்துக்கு யாரும் வர வேண்டாம், நானே டிராம் பிடித்து வருவேன். உங்கள் ஊர்க் கடையில் எதையும் வாங்கி வரமாட்டேன், பொட்டலத்தின் பின்னால் உள்ள எழுத்தை என் கண்ணாடிக்குப் படிக்க முடிவதில்லை. வெறுங்கையோடு வருவேன். வாசலிலேயே கை கழுவ இடம் வை.

அன்று அவள் நடக்க மறுத்தால் வற்புறுத்தாதே. மறுநாள் வரை இருக்கிறேன். மறுநாளும் மறுத்தால், பையன்களுக்கு வேறு யாராவது நியூட்டனைச் சொல்லிக்கொடுக்கட்டும்.

அண்ணா